காஞ்சியில் ஒரு பகல்

செங்கற்பட்டிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயிலில், மாணவர் முப்பது பேருடன் நாம் காஞ்சிபுரத்தில் வந்திறங்கினோம். தெய்வ தரிசனத்துக்கு வருவோரும் பட்டு வாங்க வருவோருமாக இந்நகரத்துக்கு விருந்தினர் குறைவதே இல்லை. கல்வியைத் தேடியும் மக்கள் இங்கே வந்த காலம் ஒன்று உண்டு என்பதை நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

பல்லவர் தலைநகரான காஞ்சியில் கடிகை என்னும் கல்விச்சாலை பெரும் புகழ் பெற்றிருந்தது. நான்காம் நூற்றாண்டில் மயூரசர்மன் வேதம் பயில அதை நாடி வந்த செய்தியைக் கன்னட நாட்டுத் தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், இந்நாட்டார் கல்வியைப் பெரிதும் மதிப்பவர்கள் என்று எழுதி வைத்தார்.

முதலில் கைலாசநாதர் ஆலயத்துக்குச் சென்றோம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் மணற்கல்லால் எழுப்பிய கோயில் இது. பிராகாரத்தைச் சுற்றிலும் 58 சிற்றாலயங்கள். அங்கே ஒரு தூணில் கன்னட எழுத்துக்கள் காணப்படுகின்றன. காஞ்சியை வென்ற சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இக்கோயிலின் செல்வத்தைக் கவராமல் கோயிலுக்கே திருப்பி அளித்ததை அவை தெரிவிக்கின்றன. பகைவனும் கை வைக்கக் கூசிய கைவண்ணம் அல்லவா!

கோயிலை விட்டுச் சிறிது தூரம் நடந்ததும் பிள்ளையார்பாளையத்துத் தறியோசை காதில் விழுந்தது. ஒரு வீட்டுக்காரர் அன்புடன் எங்களை உள்ளே அழைத்தார். குழித்தறியில் மாம்பழ நிற உடலும் அரக்கு நிறக் கரையுமாக ஒரு புடவை வளர்ந்துகொண்டிருந்தது. இப்படி இருவேறு நிறங்களை இழையோடு இழை பிணைத்து நெய்வதற்குக் கோர்வை என்று பெயர். மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். ஆகையால் நெசவாளரின் பக்கத்தில் கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். முன்னாளில் அந்த இடம் சிறுவருடையது. இன்று அங்கே அவர் மனைவி அமர்ந்திருந்தார்.

"பையன் படிக்கட்டும், ஐயா. நான் எட்டு வயதிலே இந்தப் பக்கத்தில் உட்கார்ந்தவன். எனக்குப் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை" என்றார் அவர்.

அவர் சொன்னது முற்றும் நியாயம். இதே ஊரில் நெசவாளர் குடும்பத்தில் 1909-இல் பிறந்த அண்ணாதுரை, எம்.ஏ. வரை படித்து, 1967-இல் தமிழகத்தின் முதலமைச்சரானார். குழந்தையின் கையில் இருக்க வேண்டியது புத்தகமே. ஆசிரியராகிய நாம் இதில் ஐயுறவில்லை. எனினும், திரும்பும் ரயிலில் ஒரு மாணவன் கேட்டான்: "எல்லாரும் படித்துவிட்டால் கோர்வையை யார் நெய்வார்கள், சார்?"

தறிக்கு உரிய ஊதியமும் மதிப்பும் கிடைத்தால், படித்தவனும் விரும்பி அதில் அமர்வான் என்றோம். காஞ்சிப் பட்டுக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் விசைத்தறித் துணியும் அதே பெயரில் விலைபோகிறது. புடவையின் நிறத்தைப் பார்க்கும் நாம், அது கைத்தறியா என்று கேட்கிறோமா? மலிவான போலியை நாடும்போது நெசவாளியின் கூலியில் அல்லவா கை வைக்கிறோம்?

வென்றவனே பொருளைத் திருப்பிக் கொடுத்த ஊர் காஞ்சி. வாங்குகிறவர்கள் உரியதைக் கொடுக்கத் தயங்கலாமா?