என் குரலுக்கு விழுந்த கூடுதல் துண்டு

தேக்கா நிலையத்தில் மதியம் பன்னிரண்டரை மணிக்கு மேசை பிடிப்பது தனிக் கலை. காலி நாற்காலியைப் பார்த்து ஓடினால், மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். ஈரச்சந்தைப் பக்கமிருந்து மீன் வாடை வரும். உணவங்காடிப் பக்கம் யாராவது பிரியாணி அண்டாவின் மூடியைத் தூக்குவார்கள். அந்த ஆவி முகத்தில் பட்டதும் மீன் வாடை மறந்துவிடும்.

‘தேக்கா’ என்பது மூங்கில் புதரடி என்று பொருள்படும் ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்தது. எதிரே இருந்த பழைய சந்தைக்கு ‘கண்டாங் கெர்பாவ்’, அதாவது எருமைக் கொட்டகை என்று மலாய்ப் பெயர். சந்தை இப்போதைய கட்டடத்துக்கு வந்தது 1982ல். அப்பா காய்கறி வாங்கும்வரை அங்கே இட்லியோடு உட்கார வைக்கப்பட்ட பிள்ளை நான். சாப்பாட்டைப் பற்றி எழுத ஆசை வந்தபோது வேறு எங்கே போவேன்?

எனக்குக் காலை நிகழ்ச்சி. விடியுமுன் எழுந்து, பத்து மணிக்கு ஒலிபரப்புக் கூடத்தைவிட்டு வெளியே வரும்போது அகோரப் பசி. சாப்பிட்ட கடை, பண்டம், விலை, ருசி என்று ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். பிறகு அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். தோழிகள் கேட்டார்கள், அவர்களுக்கும் அனுப்பினேன். விமர்சகர் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சம்தான். ஆனாலும் “நீ சொன்ன கடைக்குப் போனோம்” என்று யாராவது சொன்னால் அன்றைக்குத் தரையில் கால் பாவாது.

2016ல் மிச்சலின் கையேடு முதன்முறை சிங்கப்பூருக்கு வந்தபோது இரண்டு உணவங்காடிக் கடைகளுக்கு நட்சத்திரம் கொடுத்தது. அதன் ஆய்வாளர்கள் பெயரைச் சொல்லாமல் சாப்பிட்டு, சொந்தமாகப் பணம் கட்டிவிட்டுப் போகிறவர்கள். நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ரூத் ரைக்கல், 1990களில் பொய்முடி வைத்து வேடம் போட்டே உணவகங்களுக்குப் போனார். இதையெல்லாம் படித்தபோது, ‘எனக்குப் பொய்முடி எதற்கு, வானொலிக்காரியின் முகம் யாருக்குத் தெரியும்?’ என்று நினைத்தேன். குரல் ஞாபகத்துக்கு வரவில்லை.

தேக்காவில் ஒரு பிரியாணிக் கடை. பெயர் வேண்டாம். “அண்ணே, ஒரு மட்டன்” என்றதும் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “தங்கச்சி, ரேடியோதானே நீங்க? காலையில அண்டாவை ஏத்துறப்ப உங்க சத்தம்தான் எனக்குத் துணை.” தட்டில் நான்கு துண்டுகள், மிருதுவாக, எலும்பே இல்லாமல். ஒரு பக்கத்துக்குப் புகழ்ந்து எழுதினேன்.

அடுத்த வாரம் ஈப்போவிலிருந்து வந்த உறவினர்களை அத்தை அங்கே அழைத்துப் போனார். அன்று மாலையே தொலைபேசி வந்தது. “ஏன்டி, உனக்கு நாக்குச் செத்துப்போச்சா? இரண்டு துண்டு, அதுல ஒண்ணு வெறும் எலும்பு. விருந்தாளி முன்னால என் மானம் போச்சு.”

மறுநாள் கணவரைத் தனியாக வரிசையில் நிற்கவைத்தேன். பின்னால் நான் நின்று வாங்கினேன். இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். விலை ஒன்றுதான். அத்தை சொன்னது சத்தியம்.

அதற்குப் பிறகு மூன்று தடவை போனேன். வாரநாளில் இரண்டு, கூட்டம் அலைமோதும் ஞாயிற்றுக்கிழமையில் ஒன்று. மூன்று முறையும் கணவர்தான் கேட்டு வாங்கினார், நான் ஊமை. (அவருக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது.) தம் பிரியாணியில் இறைச்சி அடியிலும் சோறு மேலேயும் இருக்கும். அண்டாவைத் திறந்த புதிதில் கரண்டியை ஓரமாக அடிவரை இறக்கி எடுத்தால் இரண்டும் சரியாக வரும். இரண்டு மணிக்குப் போனால் அடி கிளறப்பட்டு, சோறு உடைந்து, மசாலா தூக்கலாக இருக்கிறது. ஆக, குறையில் பாதி நேரத்தால் வந்தது. மீதிப் பாதி என் குரலால் வந்தது.

அதை அப்படியே எழுதினேன். சோற்றின் மணத்துக்குக் குறையில்லை, பன்னிரண்டு மணிக்கு முன்னால் போங்கள், இறைச்சி ஆளுக்கு ஆள் மாறுகிறது, எனக்குக் கூடுதலாகக் கிடைத்ததை முன்பு நான் சொல்லவில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்த இரண்டு நாள் பிடித்தது.

எப்படியோ அது கடைக்காரர் கைப்பேசிக்கும் போய்விட்டது. ஒரு வாரம் கழித்துப் போனேன். பேசாமல் விரலைக் காட்டியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. “அண்ணே, ஒரு மட்டன்” என்றேன்.

“உங்களுக்குப் போட்டது பாசத்துல போட்டது, தங்கச்சி. அதைப் போயி எழுதிட்டீங்களே” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. பணத்தை நீட்டினேன், மீதியை எண்ணிக் கொடுத்தார்.

தட்டில் இரண்டு துண்டுகள். ஒன்று எலும்பு. சோறு அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது. குறிப்பேட்டில் அதையும் எழுதிக்கொண்டேன்.