கரி

துப்பாக்கியைச் சுத்தம் செய்வது பற்றி எனக்குத் தெரிந்தது ஒரு பத்தி அளவுதான். அந்தப் பத்தியையும் தவறாக மொழிபெயர்த்திருந்தேன்.

ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரின் ஆங்கில நினைவுக் குறிப்புகளைத் தமிழாக்கும் வேலை சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. சண்டை ஓய்ந்த ஒரு மாலையில் சிப்பாய் ஒருவன் தன் ரைஃபிளைப் பிரித்து உட்கார்ந்திருக்கும் காட்சி அதில் வருகிறது. ‘கரிமப் படிவுகளை அகற்றி, வாயு உறுப்புகளுக்கு எண்ணெயிட்டான்’ என்று எழுதினேன். மூலத்தில் அந்த உறுப்புகளை உலர்ந்தபடியே விட்டான் என்றுதான் இருந்தது. அச்சுப்பிழை என்று நானே முடிவுகட்டி எண்ணெயை ஊற்றிவிட்டேன். இரும்புக்கு எண்ணெய் விடாமல் யாராவது இருப்பார்களா? தமிழில் முதுகலை படித்தவனின் பொறியியல் அறிவு அவ்வளவுதான்.

புனேயில், அதுவும் கட்கியில் குடியிருப்பதில் ஒரு வசதி உண்டு. இப்படிப்பட்ட சந்தேகத்துக்கு ஆள் தேடி அலைய வேண்டாம். 1869இல் தொடங்கப்பட்ட தோட்டாத் தொழிற்சாலை இங்கேதான் இருக்கிறது. பம்பாய் சேப்பர்ஸ் படைப்பிரிவின் மையமும் இங்கேதான். இன்சாஸ் ரைஃபிளை வடிவமைத்த ஆய்வகம் பாஷாணில் இருக்கிறது. எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில், மகள் வீட்டில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அதற்கு அடுத்த ஊர் இவருக்கு.

என் பக்கத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். “எண்ணெய் விட்டீங்கன்னா அந்த எண்ணெயே எரிஞ்சு கரியாகும் தம்பி. காஸ் பார்ட்ஸ் காய்ஞ்சுதான் இருக்கணும்.”

அவர் வெலிங்டனில் பயிற்சி பெற்றது எஸ்.எல்.ஆர். ரைஃபிளில். 1962 சீனப் போரில் நம் ஜவான்கள் கையில் இருந்தது ஒவ்வொரு முறையும் போல்ட்டை இழுத்துச் சுடும் பழைய .303. அதற்குப் பிறகு வந்தது இது. இஷாப்பூரில் தயாரான, 20 தோட்டா கொள்ளும் 7.62 மி.மீ. துப்பாக்கி. விசையை அழுத்தினால் ஒன்று வெடிக்கும், அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். ‘தானாக’ என்பதில்தான் சூட்சுமம். குண்டு குழலைவிட்டு வெளியேறுவதற்குச் சற்று முன்பு, குழலின் மேல்புறத்துச் சிறு துளை வழியாகக் கொஞ்சம் வாயு மேலே உள்ள சிலிண்டருக்குள் புகுகிறது. அது பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் போல்ட்டைப் பின்னுக்கு அனுப்ப, வெற்றுக்கூடு வெளியே தெறிக்கிறது. ஸ்பிரிங் திரும்பும் வேகத்தில் அடுத்த தோட்டா உள்ளே போகிறது. ஒவ்வொரு தடவையும் அந்தச் சின்ன இடத்தில் புகைக்கரி கொஞ்சம் தங்கிவிடும். கரி சேரச் சேர வாயுவின் தள்ளல் குறையும். போல்ட் முழுதாகப் பின்னால் போகாது. கூடு சிக்கும். அவசரத்துக்கு ரெகுலேட்டரைத் திருகி வாயுவைக் கூட்டிவிட்டுச் சுடலாம். அது ஒத்திப்போடுவதுதான்.

“புது ரெக்ரூட் பாரலைக் கண்ணாடி மாதிரி வெச்சிருப்பான். அதிகாரி வெளிச்சத்துல தூக்கிப் பார்ப்பாரு, சபாஷ்ம்பாரு. ஆனா துப்பாக்கி மடக்குறது பாரல்ல இல்ல தம்பி. பிஸ்டன் தலையில, காஸ் பிளக்குல.”

முதலில் மேகசினைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும். (மேகசின் என்றால் ‘இதழ்’ என்று நான் எழுதவில்லை. அந்த அளவுக்கு மோசமில்லை.) சுட்ட கையோடு, சூடு இருக்கும்போதே துடைத்தால் கரி எளிதில் வரும். ஆறிவிட்டால் தோசைக்கல் ஓரத்துக் கரி மாதிரி இறுகிவிடும். பிறகு எண்ணெயில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, கடைசியில் சொட்டு எண்ணெய் இல்லாமல் துடைத்தெடுக்க வேண்டும். கத்தியால் சுரண்டினால் கீறல் விழும், அடுத்த முறை கரி அந்தக் கீறலில் போய் உட்காரும். குழலுக்கு ‘புல்த்ரூ’ கயிறு. அதன் வளையத்தில் துணித்துண்டைச் செருகித் தோட்டா ஏறும் பக்கமிருந்து வாய்ப்பக்கம் இழுக்க வேண்டும். அந்தத் துணிக்கு ராணுவத்தில் ‘சிந்தி’ என்று பெயர். புனேயில் கந்தல் துணிக்கு மராத்திக்காரர்கள் சொல்லும் அதே சொல். சுட்ட நாளோடு விட்டுவிடாமல் மூன்று நாள் தொடர்ந்து துடைப்பாராம். கரி மறுநாளும் கசியும் என்கிறார்.

இத்தனையும் சொன்னவர், சிந்தியில் வந்து நின்றுவிட்டார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டபோது அவருக்கு வயது 25. அமைதிப்படை என்று போனவர்கள் கையில் எஸ்.எல்.ஆர்., எதிரே ஏகே-47. ஒரு மாலை, கிணறு இருந்த வீடொன்றின் திண்ணையில் துப்பாக்கியைப் பிரித்துப் போட்டிருக்கிறார். சிந்தி தீர்ந்துவிட்டது. சட்டையின் அடிப்பக்கத்தைக் கிழிக்கப் போனவரை, உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்த கிழவி தடுத்தாள். ஒரு பழைய வேட்டியைக் கொண்டுவந்து போட்டாள்.

“தம்பி தமிழோ?”

“ஆமாம்மா.”

கிழித்துத் துடைக்க ஆரம்பித்தார். வெள்ளைத் துணி ஒவ்வொன்றாகக் கறுத்தது. அவள் போகவில்லை.

“ஆரைச் சுட்டனீங்கள்?”

“என்ன பதில் சொன்னீங்க?” என்றேன்.

“பிஸ்டனைத் துடைச்சேன்” என்றார்.

1990 மார்ச்சில் கடைசிப் பிரிவுகள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அது நாடறிந்த செய்தி. இவர் அதற்கு முந்தைய ஆண்டே ஊர் திரும்பியவர். சாப்பாட்டில் உட்கார்ந்தபோது தாய்மாமன் கேட்டாராம்: “யாரைடா சுட்டே?” அந்தக் கிழவி கேட்ட அதே கேள்வி. அங்கேயும் இவர் பேசவில்லை. பென்ஷன் வாங்கி, பேரன் பேத்தி எடுத்து, இப்போது கட்கியில் பால் வாங்கப் போகும் மனிதர் இதை என்னிடம் ஏன் சொன்னார் என்று புரியவில்லை. நான் கேட்கப் போனது எண்ணெய் விடலாமா, கூடாதா என்பதை மட்டும்தான்.

மாடி ஏறி வந்து பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். எண்ணெயை அடித்தேன். ‘கரிமப் படிவுகள்’ கண்ணை உறுத்தியது. பாடநூல் சொல், பிழையில்லை. ஆனால் அவர் ஒரு தடவைகூட அப்படிச் சொல்லவில்லை. கரி என்றார், அல்லது கார்பன் என்றார். கரி என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் சாட்சி என்றும் பொருள் உண்டு. குறளில் இந்திரனைச் சாட்சிக்கு அழைக்கும் இடத்தில் வள்ளுவர் போடுவது இந்தச் சொல்தான். எம்.ஏ. வகுப்பில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக எழுதியது, இத்தனை வருடம் கழித்து ஞாபகம் வந்தது. சுட்ட துப்பாக்கியா, சுடாத துப்பாக்கியா என்று பிஸ்டனைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று அவர் இடையில் சொன்னதும் கூடவே வந்தது.

‘கரியைத் துடைத்தெடுத்து, காஸ் பாகங்களைக் காய்ந்தபடியே விட்டான்’ என்று மாற்றி அனுப்பினேன். பதிப்பகத்தில் மெய்ப்பு பார்த்தவர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘கரிமம் என்று போடலாமா? கரி என்றால் அடுப்புக்கரி போலத் தெரிகிறதே.’

அப்படியே இருக்கட்டும் என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.