இணுவிலில் ஒரு மோர்க்குழம்பு விருந்து

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் சென்று, கொக்குவிலையும் தாவடியையும் கடந்தால் இணுவில் எதிர்ப்படும். செம்மண் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். தவில் மேதை தட்சிணாமூர்த்தி பிறந்ததும், மகளிரையும் குழந்தைகளையும் காக்க 1898ஆம் ஆண்டில் மக்லியட் மருத்துவமனை தோன்றியதும் இங்கேதான். கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சத்தைக் கண்டு வியந்தபின், உறவினர் இல்லத்துக்கு நாம் பசியோடு சென்றோம்.

அன்று வெள்ளிக்கிழமை, மரக்கறிச் சமையல். வாழையிலையில் சோறும், மோர்க்குழம்பும், அதில் ஊறிய உழுந்து வடைகளும் வந்தன. நம்முடன் வந்தவருக்கு நீரிழிவு நோய். அவர் வடைகளை ஒதுக்கி வைத்துவிட்டுச் சோற்றை நிறைய வாங்கினார். அதைக் கண்ட வீட்டு ஆச்சி, "தம்பி, ஒரு வடையைச் சாப்பிடுங்கோ, சோற்றைக் குறையுங்கோ" என்றார்.

ஆச்சியின் சொல்லில் உண்மை உண்டு. சோற்றில் மிகுந்திருப்பது மாப்பொருள். குருதியில் சர்க்கரையை விரைந்து ஏற்றுவது அதுவே. உலர்ந்த உழுந்து 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. அரிசிப் புரதத்தில் குறைவான லைசின் உழுந்தில் நிறைய உண்டு. உழுந்தில் குறைவான மெதியோனினை அரிசி ஈடுசெய்கிறது. மோரோ கல்சியத்தையும், தாவர உணவில் கிடைக்காத விற்றமின் பீ 12ஐயும் தருகிறது. மீனும் இறைச்சியும் நீக்கிய வீடுகளுக்கு, சிறப்பாகக் கருவுற்ற தாய்மாருக்கு, இது சிறிய உதவியன்று.

ஆயினும் வடை எண்ணெயில் பொரிந்தது என்பதை மறக்கலாகாது. புரதமும் மாப்பொருளும் கிராமுக்கு 4 கலோரி தர, கொழுப்பு 9 கலோரி தருகிறது. ஆதலால் ஆச்சி சொன்ன 'ஒரு வடை' என்பதில் 'ஒரு' என்னும் சொல்லும் முக்கியமானதே.

சமைக்கும் முறையை வினவினோம். அரைத்த தேங்காய்ப்பூவும் சீரகமும் மஞ்சளும் மோரிற் கலந்து, மெல்லிய நெருப்பில் துழாவி, நுரை கட்டியதும் இறக்கிவிடுவாராம். "கொதித்தால் திரைந்துபோம்" என்றார். கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்டிய பின்னரே வடைகளை இடுகிறார்.

நம் நண்பர் ஒரு வடையை உண்டார். இரண்டாம் முறை வந்த சோற்றை இலையை மறித்துத் தடுத்தார். அன்புடைய வாசகர்களே, உங்கள் இல்லத்திலும் மோர்க்குழம்பு வைக்கும் நாளில் சோற்றைச் சிறிது குறைத்து, ஒரு கீரைக் கறியையும் சேர்த்துப் பரிமாறுங்கள். சுவையும் குன்றாது, நலமும் குன்றாது.