நட்சத்திரக் குறி செய்த குறும்பு

எங்கள் கணிப்பொறி அறையிலுள்ள 24 கணினிகளுக்கும் தாயாக விளங்குவது மூலையிலிருக்கும் லினக்ஸ் சர்வர். எங்கள் செய்முறைப் பயிற்சிகள் யாவும் அதன் வட்டிலேதான் உள்ளன. பொங்கல் விடுமுறை முடிந்து வந்தது முதல் அதற்கு ஏதோ நோய். காலையில் சுறுசுறுப்பாக இருக்கும். மதிய உணவுக்குப் பின், தயிர்சாதம் உண்ட எங்களைப் போலவே, அசையாது. ஒரு கோப்பைத் திறக்க ஐந்து நிமிடம்! செய்முறைத் தேர்வோ நெருங்கிவிட்டது.

ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தி ஆண்டு விழா நடன வீடியோக்களை அந்நாட்களில்தான் சர்வரில் ஏற்றிக் கொண்டிருந்தாள். வேறு யார் காரணமாக இருக்க முடியும்? அவள் வகுப்பினர் முன்பாகவே கடிந்து கொண்டோம். அழுதுகொண்டே போனவள் பிறகு அறைப் பக்கமே வரவில்லை.

செய்தி கேட்ட கணினி சிஸ்டர், "பார்த்தீர்களா, இல்லை நினைத்தீர்களா?" என்றார்கள். எங்களிடம் பதிலில்லை.

மறுநாள் ஒன்றரை மணிக்குச் சிஸ்டர் 'டாப்' கட்டளையை இட்டார்கள். சி.பி.யு. ஏறக்குறைய சும்மா இருந்தது, ஆனால் 'டபிள்யூ.ஏ.' என்ற எண் 90ஐத் தாண்டி நின்றது. வட்டுக்காகக் காத்திருந்து வீணாகும் நேரத்தின் அளவாம் அது. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டானாலும், இடம்விட்டு இடம் தாவிப் படிப்பதென்றால் நொடிக்கு ஏறத்தாழ 100 முறைதான் இயலும். நூலகத்தில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் நாற்பது அலமாரிப் புத்தகங்களைக் கேட்டால் நூலகச் சிஸ்டர் என்ன செய்வார்கள்!

காத்திருப்பது தெரிந்தது, காக்க வைப்பது யார்? அதற்கு 'ஐஓடாப்' என்றொரு கட்டளை. பெயரைக் கேட்டு "ஐயோ" என்று சிரித்தோம். 'ஓ' என்ற குறியையும் சேர்த்து இட்டால், அந்நேரத்தில் வட்டைத் தொடுகிற நிரல்களை மட்டுமே காட்டும். திரையில் டார், டார், டார் என முப்பதுக்கும் மேற்பட்ட வரிகள். ஒவ்வொன்றின் அருகிலும் எங்கள் வகுப்பின் பயனர் பெயர்! சிரிப்பு நின்றுவிட்டது.

விடுமுறைக்கு முந்திய நாள், பாடங்கள் அழியாதிருக்க, நாள்தோறும் ஒரு மணிக்கு நகலெடுக்கும்படி கிரான் அட்டவணையில் நாங்கள்தான் எழுதி வைத்தோம். நிமிடத்துக்குரிய இடத்தில் சுழியம் இடாமல் நட்சத்திரக் குறியை இட்டிருந்தோம். 'ஒரு மணிக்கு' என்பது 'ஒரு மணி முதல் 1.59 வரை ஒவ்வொரு நிமிடமும்' என்றாகிவிட்டது. ஒரு நகல் முடியுமுன்னே அடுத்தது, அதன்மேல் அடுத்தது.

நிரல்களை நிறுத்திக் குறியைத் திருத்த இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. ஒன்பதாம் வகுப்பின் வாசலுக்குப் போகத்தான் நெடுநேரமாயிற்று. அவள் வகுப்பினர் முன்பாகவே மன்னிப்புக் கேட்டோம். அவள் ஒன்றும் சொல்லாமல் பென்டிரைவை எடுத்துக்கொண்டு எங்களுடன் நடந்தாள். மீதமிருந்த மூன்று நடனங்களும் மணியடிப்பதற்குள் ஏறிவிட்டன.

— பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் பிரிவு மாணவியர்