ஐந்து ஏக்கர் சரிவுக்கு ஒரு வண்டி

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் வெர்மான்ட் மாநிலத்தில் புல்வெட்டுவது அழகுக்காகச் செய்யும் வேலை அன்று. காட்டைத் தள்ளி நிறுத்தும் வேலை. 1811-இல் வில்லியம் ஜார்விஸ் என்னும் தூதர் ஐரோப்பாவிலிருந்து மெரினோ செம்மறிகளைக் கொண்டுவந்து இறக்கினார். அதன் பிறகான சில பத்தாண்டுகளில் ஆட்டு மந்தைகளுக்காக அந்த மலைகளில் பெரும்பாலானவற்றை மொட்டையாக்கிவிட்டார்கள். பின்னர் கம்பளி விலை வீழ்ந்தது. உழவர்கள் மேற்கே நல்ல மண் தேடிப் போனார்கள். காடு திரும்பி வந்தது. இன்று மாநிலப் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு காடுதான். அடர்ந்த மரங்களுக்கு நடுவே நடந்தால், யாருக்கும் எதற்கும் எல்லையாக இல்லாத பழைய கற்சுவர்கள் குறுக்கிடும். ஒரு காலத்தில் அவை மேய்ச்சல் நிலங்களின் வேலிகள்.

ஆகவே அங்கே ஒருவர் தம் நிலத்தை நான்கைந்து ஆண்டு வெட்டாமல் விட்டால் முதலில் முட்புதர் வரும். பின்னே பிர்ச்சும் மேப்பிளும் வரும். உயர்ந்த புல்லில் மான் உண்ணிகள் காத்திருக்கும். லைம் நோய் என்கிற தொல்லையைப் பரப்புபவை அவை. கோடையில் புல், குளிர்காலத்தில் பனி. இரண்டையும் அகற்ற ஒரே வண்டி வேண்டும் என்று அங்கே வீடு வைத்திருக்கும் எவரும் ஒருநாள் நினைத்தே தீர்வார். என் அக்கா வீட்டில் அந்த நினைப்பு 2024 கோடையில் வந்தது. கல்லூரி விடுமுறையில் நான் அங்கே இருந்தேன்.

அத்தான் மின்சில்லு ஆலையில் பொறியாளர். வயது அறுபத்தொன்று. ஐந்து ஏக்கர். வீடு மேட்டின் மேல். சாலையிலிருந்து வீட்டுக்கு 120 மீட்டர் சரளைப் பாதை, ஏற்றமாக. வீட்டைச் சுற்றி ஒன்றரை ஏக்கர் ஓரளவு சமம். கிழக்கே ஒரு ஏக்கர், குளத்தை நோக்கி இறங்கும் சரிவு. மீதி பாதி மரம், பாதி புல்வெளி. பத்திரத்தில் எழுதும் ஏக்கர் சரிவைக் கணக்கில் கொள்வதே இல்லை என்பதை அங்கேதான் அறிந்தேன். மேலேயிருந்து பார்த்தால் நிலம் எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அதுதான் பரப்பு. மலைக்காரனுக்குப் பத்திரத்தில் இருப்பதைவிடக் கூடுதலான மண் இருக்கிறது. அதை வெட்டும் உழைப்பும் கூடுதல்.

2023 இலையுதிர் காலத்தில், மழை ஓய்ந்த ஒரு மாலையில், அத்தான் தம் பழைய புல்வெட்டி வண்டியில் அந்தச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார். அவ்வாண்டு ஜூலையில் மாநிலமே வெள்ளத்தில் மூழ்கி எழுந்திருந்தது. மண்ணின் ஈரம் அதற்குப் பிறகும் சரியாக வாங்கவில்லை. பாதியில் வண்டி வழுக்கத் தொடங்கியது. பிரேக்கை அழுத்தினார். சக்கரங்கள் நின்றன, வண்டி நிற்கவில்லை. குளக்கரைக்குப் பத்தடி முன்னால் ஒரு பாறை அதைத் திருப்பிப்போட, அவர் மேட்டுப் பக்கமாகக் குதித்தார். தோளில் சிராய்ப்பு, அவ்வளவே. அக்காவிடம் சொல்லவில்லை. வண்டியின் வளைந்த முன்னச்சைப் பார்த்து அக்காவே கண்டுபிடித்தாள்.

“வண்டி வாங்குறதா, வீட்டை விக்கிறதா? ரெண்டுல ஒண்ணு சொல்லச் சொல்லுடா தம்பி,” என்றாள் நான் போய் இறங்கிய மறுநாள். மகள் பாஸ்டனில் இருக்கிறாள். அவள் வீட்டருகே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பும் பார்த்து வைத்திருந்தார்கள். அத்தானுக்கு அந்த மேட்டை விட்டு இறங்க மனமில்லை. “மாப்ளே, நீங்கதான் நாலு எழுத்துப் படிச்சவங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க,” என்று என்னிடம் தள்ளிவிட்டார். எனக்குத் தெரிந்த இயந்திரம் கிரைண்டர் ஒன்றுதான். ஆனால் உரைநூல் படித்துப் பழகியவனுக்குக் கையேடு படிப்பது கடினமில்லை. பத்து நாள் அதையே படித்தேன்.

பெரும்பாலான கையேடுகளின் பின்பக்கத்தில் ஒரு தாள் இருக்கிறது. அதில் ஒரு சாய்கோடு. புள்ளிக்கோட்டில் தாளை மடித்து, தூரத்து மரத்தின் நிமிர்ந்த தண்டோடு அதைப் பொருத்திப் பார்த்தால், முன்னே இருக்கும் நிலம் 15 பாகைக்கு மேல் சாய்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். அதற்கு மேல் என்றால் ஏறி ஓட்டாதீர் என்பதே இவ்வகை வண்டிகளுக்குப் பொதுவாகச் சொல்லும் வரம்பு. சில வண்டிகளுக்கு அது 10 பாகைதான். நான் தாளை நம்பாமல் நான்கடிச் சட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு சரிவுக்குப் போனேன். சட்டத்தின் ஒரு முனையை மண்ணில் வைத்து, ரசமட்டம் பார்த்து மறுமுனையைக் கிடையாகப் பிடித்தால், அம்முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி சாய்வைச் சொல்லும். ஏறத்தாழ 13 அங்குலம் என்றால் 15 பாகை. எங்கள் சரிவில் நான் அளந்த ஐந்து இடங்களில் மூன்றில் 17 அங்குலம் இருந்தது. 19 பாகைக்கு மேல்.

இந்த ஒரு கணக்கு முன்பே இருந்திருந்தால் கடைகளில் பாதிப் பேச்சு மிச்சமாகியிருக்கும். நாங்கள் போன ஒவ்வொரு விற்பனை முற்றத்திலும் முதற்கேள்வி, “எத்தனை ஏக்கர்?” அடுத்தது, “எத்தனை குதிரைத்திறன் எதிர்பார்க்கிறீர்கள்?” எவ்வளவு செங்குத்து என்று ஒருவரும் கேட்கவில்லை. குதிரைத்திறன் எழுதிய தாளைக் காட்டி வண்டி விற்பது, பக்க எண்ணிக்கையைக் காட்டி நாவல் விற்பதைப் போன்றது.

பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்: நான்கு சக்கரம், ஒரு இருக்கை, அடிவயிற்றில் தொங்கும் வெட்டுத்தட்டு. ஆனால் மூன்று சாதிகள். முதலாவது புல்வெளி டிராக்டர். இரண்டாயிரம், மூவாயிரம் டாலருக்குப் பல்பொருள் கடைகளிலேயே கிடைக்கும். ஏறத்தாழ 200 கிலோ எடை. தகட்டுச் சட்டகம், இலேசான ஹைட்ரோஸ்டேட்டிக் பெட்டி. இந்தப் பெட்டி கியர் மாற்றும் வேலையில்லாமல் எண்ணெயின் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றுவது. சமதரையில் பத்தாண்டு உழைக்கும். மேட்டில் திரும்பத் திரும்ப ஏற்றினால் எண்ணெய் சூடேறி இளகும், இழுவை குறையும். இரண்டாவது தோட்ட டிராக்டர். கனத்த சட்டகம், பெரிய பின்சக்கரம், மண்ணைக் கிளறும் கருவிகளையும் இழுக்கத் தகுந்த பின்னச்சு. 1960-களில் கப் கேடட்டும், 1963-இல் வந்த ஜான் டீர் 110-உம் இந்த இனத்தைப் பரவலாக்கின. அறுபதாண்டு வயதான வண்டிகளை இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது, உழவு டிராக்டரின் குட்டி: குபோட்டாவின் பி.எக்ஸ். வரிசை போன்றவை. டீசல் எஞ்சின், நான்கு சக்கர இழுவை, 600 கிலோ அளவில் எடை, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே ஓர் இரும்பு வளைவு. ஒரு முற்றத்தில் நம்மூர் மஹிந்திராவும் சிவப்பாக நின்றது. 1994 முதல் அங்கே விற்கிறார்களாம். அத்தான் அதன் மூக்கைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தார்.

நான்கு சக்கர இழுவை ஏற்றத்துக்குத்தான் வேண்டும் என்று நானும் முதலில் எண்ணியிருந்தேன். பக்கத்துப் பண்ணையின் முதியவர், நாற்பது ஆண்டு கறவைமாடு வைத்திருந்தவர், வேறுவிதமாக விளக்கினார். இரு சக்கர இழுவை வண்டியில் பிரேக்கும் பின்சக்கரத்தில்தான். மேடேறும்போது எடை பின்னே சாயும். பின்சக்கரம் மண்ணைக் கவ்வும். இறங்கும்போது எடை முன்னே போய்விடும், பின்சக்கரம் இலேசாகும். அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் உறைந்து சறுக்குப்பலகை ஆகிவிடும். அத்தானுக்கு நேர்ந்தது அதுவே. இறங்கத் தொடங்குவதற்கு முன்பே நெம்புகோலைப் போட்டு நான்கு சக்கரத்தையும் இணைத்துவிட்டால், எடை தாங்கும் முன்சக்கரங்களும் சேர்ந்து வண்டியைப் பிடித்து நிறுத்தும். “ஏறுவதற்கு இரண்டு போதும், இறங்குவதற்குத்தான் நான்கு,” என்றார். ஏறி ஓட்டும் வண்டியைச் சரிவில் மேலும் கீழுமாக ஓட்டவேண்டும், பக்கவாட்டில் போனால் கவிழும்; கையால் தள்ளும் இயந்திரத்தையோ குறுக்கேதான் தள்ளவேண்டும், மேலும் கீழுமாகப் போனால் கால் வழுக்கி அதனடியில் போகும். இதையும் அவர்தான் சொன்னார். கையேட்டிலும் இருந்தது. ஆனால் காரணம் இல்லாமல் இருந்தது.

நிற்க. பனியைப் பற்றிச் சொல்லவேண்டும். தொல்காப்பியம் வகுத்த ஆறு பெரும்பொழுதில் இரண்டு பனியின் பெயரால் வருபவை. முன்பனியும் பின்பனியும் நமக்குப் புல்நுனி ஈரமும் விடியல் மூட்டமுமே. அந்தச் சொல்லையே எடுத்து வெர்மான்ட்டின் ஜனவரிக்குச் சூட்டும்போது சொல் கொஞ்சம் திணறுகிறது. பர்லிங்டன் நகரத்து ஆண்டுச் சராசரி 80 அங்குலத்தை ஒட்டியது. மலைமேல் இன்னும் கூடுதல். பொடிப்பனி சாம்பலைப்போல ஊதினால் பறக்கும். மார்ச்சில் விழும் ஈரப்பனி மாவுபோல அப்பிக்கொள்ளும், ஒரு வாரிக்கே தோள் விட்டுப்போகும். இவை போதாதென்று ஊராட்சியின் பெருவண்டி சாலையைத் துப்புரவாக்கிக்கொண்டு போகையில் ஒவ்வொரு வீட்டுப் பாதையின் வாயிலும் ஓர் அணையைக் கட்டிவிட்டுப் போகும். அதைச் சாலைக்குக் குறுக்கே தள்ளிவிடவும் கூடாது, சட்டம் தடுக்கிறது. அக்கா காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பவேண்டும்.

தள்ளும் கத்தி விலை குறைவு, விரைவும் உண்டு. ஆனால் தள்ளிய பனி எங்கேயாவது நிற்கவேண்டுமே. டிசம்பரில் பாதை ஓரத்தில் ஒதுக்கியது கல்லாக இறுகிவிடும். பிப்ரவரிக்குள் இரண்டு கார் போகும் பாதை ஒரு கார் போகும் பாதையாகும். அத்தான் வீட்டுப் பாதையின் ஒருபக்கம் மேட்டுச் சுவர், மறுபக்கம் பள்ளம். ஆகவே ஊதி எறியும் கருவிதான். முன்னே ஒரு திருகு பனியை வாரி உள்ளே இழுக்கும். பின்னே ஒரு விசிறி அதைப் புகைபோக்கி வழியே தூர வீசும். இதை வண்டியின் பின்னே மாட்டினால் விலை மலிவு. ஆனால் கழுத்தைத் திருப்பிக்கொண்டே அரைமணி ஓட்டவேண்டும். அத்தானுக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம். முன்னே மாட்டுவது என்றால் அதன் கனம் வண்டியை முன்னே குனியவைக்கும். ஈடாகப் பின்னே எடை வேண்டும். அங்கே பின்சக்கர டயருக்குள்ளேயே திரவம் நிரப்புகிறார்கள். வெறும் தண்ணீர் உறையும். கால்சியம் குளோரைடு கரைசல் இரும்பை அரிக்கும். ஆகவே இப்போது பீட்ரூட் சாறு. சர்க்கரை ஆலையின் கழிவு டிராக்டரின் காலுக்குள் போகிறது என்பதை அக்கா நம்பவில்லை. கடைக்காரரே வந்து சொல்லவேண்டியிருந்தது. சரளை தரை உறையும்வரை திருகைத் தரையிலிருந்து ஒன்றிரண்டு அங்குலம் தூக்கிவைக்கவேண்டும். இல்லையெனில் பனியோடு கல்லும் பறக்கும்.

கணக்கெல்லாம் மூன்றாவது சாதியைக் காட்டின. தோட்ட டிராக்டரிலும் நான்கு சக்கர இழுவை கிடைக்கிறது. ஆனால் எங்களுக்கு வந்த விலைப்பட்டியலில், பனிக்கருவி சேர்த்த பிறகு, குட்டி உழவு டிராக்டருக்கும் அதற்கும் பெரிய இடைவெளி இல்லை. தீர்மானித்தது அந்த இரும்பு வளைவு. டிராக்டர் கவிழ்வதே அமெரிக்கப் பண்ணை மரணங்களின் முதன்மைக் காரணம். சுவீடன் 1959-இலேயே புதிய டிராக்டர்களுக்கு இந்த வளைவைக் கட்டாயமாக்கி, அவ்வகைச் சாவுகளை ஏறக்குறைய இல்லாமலாக்கியது. வண்டி புரண்டாலும் வளைவு தரையில் ஊன்றி, இருக்கையைச் சுற்றி ஓர் இடத்தை விட்டுவைக்கும். இடுப்பு வார் கட்டியிருந்தால் மட்டுமே ஓட்டுநர் அந்த இடத்துக்குள் இருப்பார். வார் இல்லாமல் வளைவு மட்டும் இருந்தால் அந்த வளைவே நசுக்கலாம்.

ஆனால் 19 பாகையை இந்த வண்டியும் மாற்றிவிடாது. கனமானது, உயரமானது, அத்தகைய சரிவில் நான்கு சக்கரமும் ஒரு வரம்புக்குத்தான். இதை அத்தானிடம் சொல்வதே எனக்குக் கடினமாக இருந்தது. பதினைந்து ஆண்டாக அவர் வெட்டிச் சீராக்கிய சரிவு. அதன் உச்சியில் நாற்காலி போட்டுக் குளத்தைப் பார்த்துக் காப்பி குடிப்பவர். “அதை விட்டுட்டா அப்புறம் இந்த வீட்ல எனக்கு என்ன மாப்ளே இருக்கு?” என்றார். கோபம் இல்லை. அதனால்தான் எனக்கு மறுமொழி வரவில்லை.

பண்ணை முதியவரே வழி சொன்னார். அவர் மகனிடம் அகலமான அச்சுள்ள பெரிய டிராக்டரும் புதர் வெட்டும் கருவியும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை, ஆகஸ்டு பிறந்த பிறகு, மண் காய்ந்திருக்கும் நாளில், ஓட்டத்தக்க பகுதியை அவன் வெட்டுவான். மிகச் செங்குத்தான பட்டையைக் கீழிருந்து ஆள்கள் கைக்கருவியால் வெட்டுவார்கள். காடு வராமலிருக்க அது போதும். ஏன் ஆகஸ்டு? பாபோலிங்க் என்றொரு சிறு பறவை. தென் அமெரிக்காவிலிருந்து வந்து அந்த வைக்கோல் நிலங்களின் தரையில் கூடு கட்டுகிறது. குஞ்சுகள் பறப்பதற்குள் வெட்டிவிட்டால் அந்த ஆண்டின் ஈடு போயிற்று. அத்தான் இதை உற்றுக் கேட்டார். பறவைக்காக என்றால் விட்டுக்கொடுப்பதில் அவருக்கு ஓர் ஆறுதல் கிடைத்ததென்று எண்ணுகிறேன். அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் கடைசியில் வண்டி வந்தது. இறக்கிக் காட்டிய இளைஞன், வளைவை மடித்தும் வைக்கலாம், மரத்தடியில் போகும்போது வசதி என்று ஓர் ஊசியை உருவிக் காட்டினான். மடித்தால் வார் கட்டக்கூடாது என்றும் சொன்னான். வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே தாழ்ந்த கிளைகளோடு இரண்டு ஆப்பிள் மரங்கள் நிற்கின்றன. ஒவ்வொரு முறையும் மடித்து நிமிர்த்தச் சோம்பல் வரும், பிறகு மடித்தபடியே கிடக்கும். இது அக்காவுக்கு உடனே தெரிந்துவிட்டது. “அந்த ஊசியைத் திரும்பப் போடச் சொல்லு. மரத்தை நான் பாத்துக்கிடறேன்,” என்றாள். அன்று பிற்பகலே ஏணி போட்டு, அவள் காட்டக் காட்ட, வளைவின் உயரத்துக்கு மேலே ஓரடி விட்டு, கீழ்க்கிளைகள் ஏழையும் நான் அறுத்தேன். பிஞ்சு பிடித்த கிளைகள்தான். அத்தான் வண்டியை அடியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒன்று இடிக்கிறது என்றார்.