பஸ்ரா பவுன்

எங்கள் குடும்பத்தில் ஒரு பெரிய பவுன் உண்டு என்று எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டு வந்திருக்கிறேன். சாதாரணப் பவுன் அல்ல. ஜார்ஜ் ராஜா கொடுத்தது. தாத்தா முதல் உலக யுத்தத்தில் பஸ்ராவுக்குப் போனார், சுபேதாராக இருந்தார், துருக்கிக்காரர்களை விரட்டினார், ராஜா மெச்சித் தங்கப் பதக்கம் தந்தார் என்பது அத்தையின் சரித்திரம். சில நாள் ராஜா அதைத் தபாலில் அனுப்பியிருப்பார். சில நாள் தம் கையாலேயே குத்தியிருப்பார். வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டைத்தான் தேட வேண்டும். ஆகவே யாரும் சந்தேகப்படவில்லை.

பவுன் ஒரு பிஸ்கோத்து டப்பாவில், தாத்தாவின் தலைப்பாகைத் துண்டில் சுற்றியிருக்கும். வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று அத்தை அதை வெளியே எடுத்துப் புளி போட்டுத் தேய்ப்பாள். பிறகு சாம்பல். பளபளவென்று மின்னும். ஒரு பக்கம் ராஜா தலை. மறு பக்கம் உடம்பில் துணியே இல்லாமல் ஒருவன் குதிரைமேல் உட்கார்ந்திருப்பான். 1914, 1918 என்று இரண்டு வருஷங்கள். ஏன் துணியில்லை என்று குழந்தைகள் கேட்டால், பஸ்ராவில் அவ்வளவு வெக்கை என்பாள் அத்தை.

போன தை மாதம் சொல்லியனுப்பினாள். பேத்திக்குக் கல்யாணம்.

"இதை அழிச்சு ரெண்டு வளையல் பண்ணிடலாம்னு பார்க்கிறேன்டா. நீதான் நாலு எழுத்துப் படிச்சவன். நல்ல பத்தரா பார்த்து எடை போட்டுக்கிட்டு வா."

பத்தர் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தராசைத் தொடவே இல்லை. "இந்த அகலத்துக்குத் தங்கமா இருந்தா கை இன்னும் தாழ்ந்திருக்கணும் சார். உரைக்கவே வேண்டாம்" என்றார்.

டப்பாவோடு சென்னைக்கு வந்து, பழைய நாணயம் விற்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். டப்பாவில் இன்னொரு வில்லையும் கிடந்தது. 1911 என்று போட்டு, ராஜாவும் ராணியும் இருந்த லேசான சாமான். அதை ஒதுக்கி வைத்தார். டில்லி தர்பாரையொட்டிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மிட்டாயோடு கொடுத்த வகையாம். பவுனை எடுத்தவர் ராஜாவையும் பார்க்கவில்லை, குதிரைக்காரனையும் பார்க்கவில்லை. விளிம்பைத்தான் பூதக் கண்ணாடி வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"யுத்தப் பதக்கத்துக்கு ஜாதகம் விளிம்பில்தான் சார். நம்பர், பதவி, பேர், படை எல்லாம் அங்கே அடித்திருப்பான்."

பாதி எழுத்து அத்தையின் புளியில் கரைந்து போயிருந்தது. மிச்சம் இருந்ததை அவர் வாசித்தார். நம்பரின் வால்; 'லேபரர்' என்று ஒரு சொல்; பிறகு, ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு, என் தாத்தாவின் பெயர்.

சண்டை போட்டவர்களுக்கு இதே பதக்கம் வெள்ளியில். சுமார் 65 லட்சம் அடித்தார்கள். வெண்கலத்தில் சுமார் 1 லட்சத்துப் பத்தாயிரந்தான். அது இந்தியா, சீனா, மால்டாவிலிருந்து போன கூலிப் படைகளுக்கு. வெள்ளிப் பதக்கங்களில் ஏராளமானவை 1980-இல் வெள்ளி விலை எகிறியபோது உருகிப் போயின. "வெண்கலத்தை எவன் உருக்குவான்? சேகரிக்கிறவர்கள் இதற்குத்தான் அதிகம் கொடுக்கிறார்கள். தேய்க்காமல் இருந்திருந்தால் இன்னும் கூட" என்று ஒரு தொகை சொன்னார். வளையலுக்குக் காணாது, நல்ல பட்டுப் புடவைக்குக் காணும். அத்தையைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

வேலூர் பஸ்ஸில் மூன்று மணி நேரம் யோசித்தேன். தங்கம் இல்லை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சுபேதார் இல்லை என்பதையும் சொல்ல வேண்டுமா? கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு பொய்யா கிடைக்காது? மூன்று தயார் செய்தேன். அத்தையின் முகத்தைப் பார்த்ததும் மூன்றும் மறந்து போயின.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். வெகுநேரம் பேசவில்லை.

"அங்கே என்ன வேலை?"

"கப்பலிலிருந்து சாமான் இறக்குவது, ரஸ்தா போடுவது, தண்டவாளம் போடுவது அத்தே."

"மூட்டையா?"

"மூட்டையும்தான்."

"அப்பாவுக்குத் தோளிலே காய்ச்சுப் போயிருக்கும். துப்பாக்கிக் கட்டை இடிச்சு இடிச்சு வந்ததும்பாரு" என்றாள். பிறகு மெதுவாக, "ரெண்டு தோளிலும் இருந்துதுடா. துப்பாக்கியை யாரு ரெண்டு தோளிலும் வைச்சுச் சுடுவாங்க? நான் ஒருநாளும் கேட்டதில்லை" என்றாள்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பவுனை வாங்கி விளிம்பைத் தடவினாள்.

"பேரு எங்கே இருக்கு?"

காட்டினேன். எந்த எழுத்து விட்டுப்போயிற்று என்பதையும் காட்டினேன். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"அத்தனை கடல் தாண்டிப் போய் மூட்டை தூக்கினவரு பேரைக்கூடவா ஒழுங்கா எழுதத் தெரியலே அவனுக்கு?"

பேத்திக்கு வளையல் வேறு வழியில் வந்தது. அது இங்கே அநாவசியம். இந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் போயிருந்தேன். கத்தி, அரிவாள்மனை எல்லாம் புளியில் ஊறிக்கொண்டிருந்தன. பவுனை மட்டும் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, என் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, எழுத்தெல்லாம் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள்.