மூன்றாவது அழைப்பு

என் சான்றிதழ்க் கோப்பில், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலுக்கும் மாற்றுச் சான்றிதழுக்கும் நடுவே மஞ்சளேறிய தாள் ஒன்று இருக்கிறது. 1992-93 கல்வியாண்டு, மாவட்ட அளவிலான தடகளப் போட்டி, மாணவியர் 4×100 மீட்டர் தொடர் ஓட்டம், இரண்டாம் இடம். கீழே என் பெயர். கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது 'விளையாட்டு' என்ற கட்டத்தில் இதைத்தான் எழுதினேன். வேலைக்கான நேர்காணலில் ஒருவர் இதைப் புரட்டிப் பார்த்து, "ஓட்டக்காரியா நீங்க?" என்று வியந்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த இடத்தில் ஓடியிருக்க வேண்டியவள் வேறொருத்தி.

குளித்தலைப் பக்கம், காவிரிக் கரையில் எங்கள் ஊர். அப்போது கரூர் மாவட்டம் பிரியவில்லை. நாங்கள் திருச்சி மாவட்டம். நான் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கருவேலமுள் வெட்டிய பொட்டல்தான் எங்கள் கிரவுண்டு. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பி.டி. டீச்சர் சுண்ணாம்புப் பொடியால் 200 மீட்டர் கோடு போடுவார். ஆடிக் காற்று அதைக் கொண்டுபோய்விடும். மறுபடி போடுவார். வாரத்தில் இரண்டு பி.டி. பீரியடு, அதில் ஒன்றைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார். மாலை நான்கரைக்கு மேல்தான் பயிற்சி. நீலப் பாவாடையைத் தூக்கிச் செருகி, உள்ளே அண்ணன் தம்பிகளின் கால்சட்டை, தாவணியை இடுப்பைச் சுற்றி இறுக்கி ஊக்கு. எல்லோருக்கும் வெறுங்கால். சுற்றுச்சுவருக்கு மேலே எப்போதும் நாலைந்து ஆண் தலைகள் தெரியும். டீச்சர் அவர்களைப் பார்த்து விசிலை ஊதுவார், தலைகள் மறையும், கொஞ்ச நேரத்தில் மறுபடி முளைக்கும்.

டீச்சரின் அறைச் சுவரில் பத்திரிகையிலிருந்து வெட்டிய பி.டி. உஷா படம். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கம் வென்ற உஷா. ஆனால் டீச்சர் எங்களிடம் சொன்னதெல்லாம் 1984 லாஸ் ஏஞ்சலிஸ் கதைதான். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் உஷா வெண்கலத்தைத் தவறவிட்டது நூறில் ஒரு நொடியில். "நூறுல ஒண்ணுடி. கண்ண மூடித் தொறக்கக்கூட அதவிட நேரமாகும்." அந்த அறையில்தான் ஒரு அட்டைப்பெட்டியில் துவைத்து மடித்த பழந்துணியும் ஊக்கும் வைத்திருந்தார். யாருக்கு எப்போது தேவைப்பட்டாலும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். பள்ளியில் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசிய ஒரே ஆசிரியை அவர்.

அவள் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று நான் அவளைக் கேட்டதில்லை. வாய்க்கால் தாண்டி மூன்று கிலோமீட்டர் தள்ளி அவள் ஊர். பஸ் காசு மிச்சம் என்று நடந்து வருவாள். நேரமாகிவிட்டால் ஓடி வருவாள். அப்பா இல்லை. அம்மா கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போவார். வகுப்பில் கடைசி பெஞ்சு, கணக்கில் எப்போதும் பெயில். கோட்டில் நின்றால் வேறு ஆள். 800 மீட்டரில் கடைசிச் சுற்று வரைக்கும் மூன்றாவது ஆளாக அடக்கமாக ஓடி, மணி அடித்ததும் வெளிப்பக்கமாக விலகி முன்னேறுவாள். அந்தக் கணத்தில் அவள் முகத்தில் ஒரு திமிர் வரும். பெண்பிள்ளை முகத்தில் அப்படியொரு திமிரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

தொடர் ஓட்டத்தில் நான்காவது ஆள் அவள். நான் ஐந்தாவது, அதாவது யாருக்காவது முடியாமல் போனால் ஓடுவதற்கு. அப்பா ஆசிரியர், வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. எனக்கு வேகம் மட்டும்தான் இல்லை. கட்டை மாற்றுவதை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். கட்டை என்பது பிளாஸ்டிக் பைப்பில் அறுத்த ஒரு துண்டு. "திரும்பிப் பாக்காதடி. கைய மட்டும் பின்னால நீட்டு. அவ கொண்டாந்து வைப்பா." எத்தனை முறை சொன்னாலும் நான் திரும்பிப் பார்ப்பேன். எனக்குப் பின்னால் வருபவளை நம்ப எனக்கு வரவில்லை.

ஆகஸ்டில் குறுவட்டப் போட்டி. நாங்கள் 'ஜோனல்' என்போம். 400, 800, தொடர் ஓட்டம் மூன்றிலும் அவள் முதலிடம். திரும்பும்போது டீச்சர் எல்லோருக்கும் பன்னும் டீயும் வாங்கித் தந்தார். அவள் தன் பன்னில் பாதியைத் தாளில் சுற்றிப் பாவாடையில் முடிந்துகொண்டாள், தம்பிக்கு.

மாவட்டப் போட்டி அக்டோபரில். அதற்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை செய்தி வந்தது, பெரியவளாகிவிட்டாள் என்று. அன்று மாலை டீச்சர் என்னைப் பார்த்து, "நீ நாலாவது ஓடு" என்றார். அப்போது என் மனதில் வந்தது வருத்தமில்லை. மகிழ்ச்சி. இதை எழுத எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

ஆனாலும் டீச்சர் விடவில்லை. வழி தெரியும் என்று என்னையும் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். வீட்டை ஒட்டிப் பச்சைத் தென்னங்கீற்றில் குடிசை கட்டியிருந்தது. அவளுடைய அம்மா எங்களைத் திண்ணையில் உட்காரவைத்துக் காப்பித்தண்ணி கொடுத்தார்.

"ஒரே ஒரு நாள்மா. காலையில நானே வந்து கூட்டிட்டுப் போயி சாயங்காலம் விட்டுர்றேன்."

"பதினாறு நாளு தீட்டு டீச்சர். அதும்போக, நாலு பேரு பாக்க ஓடுறதுக்கு இனிமே அவ சின்னப் புள்ளையா? தாய்மாமன் சீர் செய்ய வருது. நாளைக்கு அது ஒரு வார்த்தை கேட்டுச்சுன்னா நான் என்ன சொல்லுவேன்?"

ஓரத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி, ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்றார். டீச்சர் அதற்கு மேல் பேசவில்லை. அந்த அம்மாவின் மீது எனக்கு அன்று கோபம் வந்தது. இன்று இல்லை. ஆண் துணை இல்லாத வீட்டில், தாய்மாமனின் சீரையும் ஊர் வாயையும் நம்பித்தான் அந்த அம்மா மகளைக் கரையேற்ற வேண்டியிருந்தது. எனக்கும் முந்தைய ஆண்டு சடங்கு நடந்ததுதான், என்னை அனுப்பினார்கள். எங்கள் வீட்டார் முற்போக்கு என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவின் மாதச் சம்பளம் கொடுத்த தைரியம் அது.

கிளம்பும்போது கீற்றின் இடுக்கு வழியாக அவள் கேட்டாள். "என்னைக்குடி மீட்டு?" சொன்னேன். நான்தான் அவள் இடத்தில் ஓடப்போகிறேன் என்பதைச் சொல்லவில்லை.

போட்டியன்று ஒலிபெருக்கியில், மாணவியர் 800 மீட்டர், முதல் அழைப்பு என்று ஒவ்வொரு எண்ணாக வாசித்தார்கள். அவள் எண்ணும் வந்தது. இரண்டாவது அழைப்பில் மறுபடி வந்தது. மூன்றாவது, கடைசி அழைப்பு. டீச்சர் மேசைக்குப் போய் ஏதோ சொன்னார்; எழுதுகிறவர் பட்டியலில் ஒரு கோடு இழுத்தார். அவ்வளவுதான். காரணம் எழுதுவதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

தொடர் ஓட்டத்தில் மூன்றாவது ஆள் முதலாவதாகத்தான் வந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். கால் தடுமாறியது. இரண்டாம் இடம்.

மாதம் கழித்து அவள் பள்ளிக்கு வந்தாள், கிரவுண்டுக்கு வரவில்லை. பிப்ரவரியில் பள்ளி விளையாட்டு விழா. எலுமிச்சை ஸ்பூன், சாக்கு ஓட்டம், டீச்சர்களுக்கு மியூசிக்கல் சேர். பரிசு மேசைக்குப் பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர்களை அடுக்கிய தட்டை ஏந்தி, புதுத் தாவணியில் அவள் நின்றாள். தலைமை விருந்தினர் ஒவ்வொரு டம்ளராக எடுத்து எங்களிடம் கொடுத்தார். அந்தக் கிரவுண்டில் எல்லோரையும்விட வேகமாக ஓடக்கூடியவள் அன்று முழுவதும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. ஆண்டுத் தேர்வோடு படிப்பு நின்றது.

பிறகு முனைவர் பட்டத்துக்காக அகப்பாடல்களுக்குள் போனபோது 'இற்செறிப்பு' என்ற துறையைப் பலமுறை கடந்தேன். மகளின் வளர்ச்சியையும் ஊர்ப்பேச்சையும் கண்டு அஞ்சும் தாய், தினைப்புனத்துக்கும் சுனைக்கும் போய்க்கொண்டிருந்தவளை வீட்டுக்குள் வைத்துக் காப்பது. வகுப்பில் அதை ஐந்து மதிப்பெண் வினாவாக நடத்தியிருக்கிறேன். தலைவன் வருந்துவதை, தோழி வரைவு கடாவுவதை எல்லாம் விளக்கியிருக்கிறேன். தினைப்புனத்தில் அவள் கிளி ஓட்டிய ஓட்டம் என்னவாயிற்று என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பாட்டியின் கர்ப்பப்பைக் கதையைப் பட்டிக்காட்டுப் பேச்சு என்று நினைத்திருந்தேன். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 நொடியில் வென்றார். முடிவில் சிலர் களைத்துச் சாய்ந்ததைப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. பெண்ணுடல் தாங்காது என்று அந்த ஓட்டத்தை நீக்கினார்கள். 1960இல் ரோமில்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். கோட்டுப் போட்ட கனவான்களும் எங்கள் பாட்டியும் ஒரே கருத்துக்காரர்கள். 2006இல் தோகா ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டரில் வெள்ளி வென்றார் புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன், செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். என் தோழியைப் பெண்ணாகிவிட்டாய் என்று நிறுத்தினார்கள். சாந்தியைப் பெண்ணில்லை என்று நிறுத்தினார்கள். ஓடும் பெண்ணின் உடம்பைச் சோதித்துத் தீர்ப்புச் சொல்ல எப்போதும் யாரோ இருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் குளித்தலை பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன் என்றதும் "நீங்க" என்று பேசத் தொடங்கினாள். எவ்வளவு சொல்லியும் மாறவில்லை. மகள் நர்சிங் படிக்கிறாளாம். ஓடுவாளா என்று கேட்டேன். "அவளுக்கு எங்க! என்னைய மாதிரி வராது." அந்தப் பழைய திமிர் ஒரு கணம் வந்து போனது.

பிறகு சட்டென்று கேட்டாள். "அன்னைக்கு நாலாவது நீதான ஓடுன?"

நான் அவளிடம் சொல்லாமல் வந்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆமாம் என்றேன்.

"அன்னைக்கு முழுக்கக் குடிசைக்குள்ள உக்காந்து எண்ணிக்கிட்டு இருந்தேன். இந்நேரம் எண்ணூறு முடிஞ்சிருக்கும், இந்நேரம் ரிலே விட்டிருப்பாங்கன்னு. திரும்பிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அதான் ரெண்டாவது" என்றாள். சிரிக்கவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்தப் போட்டியில் தோற்ற கோபம் அவளுக்கு இருந்தது. எனக்கு அது ஒருநாளும் இருந்ததில்லை. இப்போது மாணவிகள் போட்டிக்குப் போக அனுமதிக் கடிதம் நீட்டினால், இன்டர்னல் தேர்வு இருக்கிறதே என்று நாக்கு நுனிவரை வருகிறது. பேசாமல் கையெழுத்துப் போடுகிறேன்.